முழு மதிப்பெண் வாங்கியவள்

அத்தியாயம் 17

போன வாரம் பெரியவளைக் கையில் போனோடு சமையலறை வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், இன்னும் அங்கேயே நிற்கிறாள். இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: போனில் வந்தது நல்ல செய்தி இல்லை. அவள் தங்கை, மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் சின்னவள், ஒரு நோயாளியிடம் அடி வாங்கிப் படுத்திருக்கிறாள். அந்த நோயாளி சின்னவளிடம் அடி வாங்கி நினைவில்லாமல் கிடக்கிறார்.

பெரியவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் குடும்பத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அம்மாவுக்கு அவள் 'கம்ப்யூட்டர் டீச்சர்'. உண்மையில் அவள் யாருக்கும் நேரில் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. மனித மூளை எப்படிக் கற்கிறது, எதனால் மறக்கிறது என்பதைப் படித்தவள். அதை வைத்து இணையவழிப் பாடங்களை வடிவமைக்கிறாள். கம்பெனி கணவனுடையது. கடைசியாக அவள் செய்த பாடம் இந்த மருத்துவமனை நர்ஸுகளுக்கானது: நோயாளி வெறியோடு பிடித்துவிட்டால், அவருக்கும் காயம் படாமல் எப்படி விடுவித்துக்கொள்வது?

அந்தப் பாடத்தில் சின்னவள் நூற்றுக்கு நூறு. அதற்காக வீட்டில் கேக் வெட்டினார்கள்.

இப்போது மருத்துவமனைக் கட்டிலில் அவள் முகத்தைப் பெரியவள் பார்த்தாள். இடது கண் வீங்கி மூடியே போயிருந்தது. உதட்டில் தையல். கழுத்தெலும்பு முறிந்து, கையைத் துணியில் ஏந்திக் கட்டியிருந்தார்கள். காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. வேரோடு பிடுங்கிய இடம் சிவந்து, இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் சின்னவள். "நல்லா பாத்துக்கோ. நூத்துக்கு நூறு வாங்கின மூஞ்சி."

கட்டிலின் கால்மாட்டில் தம்பி நின்றிருந்தான். பெரியவளுக்குத் தம்பி, சின்னவளுக்கு அண்ணன், லாரிகளுக்கு மெக்கானிக். போட்டது போட்டபடி வந்திருந்தான்; முழங்கை வரை கிரீஸ். எதிலும் முந்திக்கொண்டு பாய்கிறவன் என்பதால் வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர். பெயரை அன்று காலையே காப்பாற்றியிருந்தான். நோயாளியின் அறைக்குள் புகப் பார்த்து, தடுத்த காவலாளியின் மூக்கை உடைத்து, இன்னொரு காவலாளி முழங்காலுக்குப் பின்னால் விட்ட உதையில்தான் அடங்கினான்.

"அந்த ஆளு கண்ணத் தொறக்கட்டும்" என்றான். "திரும்ப மூட வைக்கிறேன்."

"வாய மூடுண்ணா. அவரு நோயாளி."

"நீ அடி வாங்கிட்டு அவனுக்கு வக்காலத்து வேற."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி ஆச்சு? முழுசா சொல்லு."

சின்னவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பஸ் டிரைவரா இருந்தவரு. நல்ல மனுஷன். மருந்து ட்ரேயோட போனேன். 'என் பஸ்ஸை எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே'ன்னாரு. வெளிய போயிடலாம்னு திரும்பினேன். பின்னாலேருந்து முடியைப் பிடிச்சுட்டாரு."

"முடியைப் பிடிச்சா என்ன பண்ணணும்?"

"பிடிச்ச கைமேல என் ரெண்டு கையையும் வச்சு, தலையோட சேத்து அமுக்கணும். இழுக்க விடக்கூடாது. அவரு பக்கமா நெருங்கணும். எனக்குத் தெரியும்க்கா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"பண்ணினியா?"

சின்னவளின் திறந்த கண்ணில் நீர் திரண்டது. "என் கை மணிக்கட்டை உருவப் போச்சு. என் மணிக்கட்டை யாருமே பிடிக்கல. நான் பாட்டுக்குக் காத்துல கையை உருவிக்கிட்டு நிக்கிறேன், அவரு முடியைப் பிடுங்குறாரு. தோல் கிழியற சத்தம் எனக்கே கேட்டுச்சு."

தம்பி ஜன்னல் கம்பியை ஓங்கிக் குத்தினான்.

"அப்புறம் கழுத்தைப் பிடிச்சாரு. கழுத்துக்கு எதுன்னு யோசிக்கிறதுக்குள்ள சுவத்துல மோதிட்டாரு. மறுபடியும் மோதினாரு. தோள்ல ஏதோ ஒடிஞ்சுது. கீழ விழுந்த ட்ரே கையில சிக்கிச்சு. ஸ்டீல் ட்ரே. அதோட விளிம்பால அடிச்சேன்." நிறுத்தினாள். "அவரு விழுந்தப்புறமும் அடிச்சேன்க்கா. நிறுத்தத் தெரியல."

வெளியே தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது.

"சாயங்காலம் விசாரணை" என்றாள் சின்னவள். "கண்காணிப்பாளர் காலையிலயே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'நீ நூத்துக்கு நூறு வாங்கினவ. எப்படி விடுவிச்சுக்கணும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ட்ரேயை எடுத்திருக்கே. இதுல தற்காப்பு எங்கேம்மா வந்தது?' வேலை போயிடும். அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா போலீஸ்."

வாங்கிய மார்க்கே கழுத்துக்குச் சுருக்காக வந்து நின்றது.

பெரியவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தவளின் கை ஏன் தப்பான இடத்துக்குப் போனது? "ஒரு நிமிஷம். பாடத்துல மணிக்கட்டு, முடி, கழுத்து எல்லாம் கலந்துகட்டித்தானே வந்துச்சு?"

"கலந்தா? இல்லியே. மொதல்ல மணிக்கட்டு மட்டும், திரும்பத் திரும்ப. அது முடிஞ்சு முடி. அதுக்கப்புறம் கழுத்து. சுலபமாத்தான் இருந்துச்சு."

சொல்லும்போது சின்னவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியில் திரும்புகிறாள் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் வடிவமைத்த பாடம் அது இல்லை.

அவள் பாடத்தில் திரையில் ஒருவன் பாய்வான். எங்கே பிடிப்பான் என்று முன்கூட்டித் தெரியாது. கண் மூடித் திறப்பதற்குள் எது சரியான விடுவிப்பு என்று தொட வேண்டும். பிறகு வார்டில் சக நர்ஸோடு அதைச் செய்து பார்க்க வேண்டும். இப்படிக் கலைத்துப் போட்டால் தப்பு நிறைய வரும். மார்க் இறங்கும். எரிச்சல் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் 'இது என்ன பிடி' என்று மூளை தானே கேட்டு, தானே முடிவெடுக்கப் பழகும். அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கும். ஒரே பிடியைத் தொடர்ந்து பழகினால் இரண்டாவது தடவையே கைக்கு வந்துவிடும், மார்க்கும் கொட்டும், 'எனக்கு வந்துடுச்சு' என்று மனசு குதிக்கும். ஆனால் முடிவெடுக்கும் வேலையை மூளை ஒரு தடவைகூடச் செய்திருக்காது. வார்டில் பாய்கிறவன் தலைப்பைச் சொல்லிவிட்டா பாய்வான்?

இதற்காகக் கணவனோடு அவள் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா! 'படிக்கிறவங்க முகம் சுளிக்கிறாங்க' என்பான் அவன். 'சுளிக்கட்டும், உயிரோட இருப்பாங்க' என்பாள் இவள். கடைசியில் சரி என்று தலையாட்டினான். பாடத்தின் வரிசையில் கை வைக்க இரண்டு பேருக்குத்தான் அதிகாரம் உண்டு. ஒன்று அவள்.

"மாத்திட்டாரு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "என்கிட்ட தலையாட்டிட்டு, எனக்குத் தெரியாம மாத்திட்டாரு."

நெருப்புக்குப் பக்கத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது தம்பி நின்ற இடம் காலி.

"அக்கா, ஓடு" என்றாள் சின்னவள். "அத்தானைக் கொன்னுடுவான்."

லாரி மெக்கானிக் ஓட்டும் பைக்கை வாடகைக் கார் எங்கே பிடிப்பது? ஆனாலும் கணவனின் அலுவலக வரவேற்பில் இருந்த பெண் அவனை 'சார், சார்' என்று கொஞ்ச நேரம் மறித்திருக்கிறாள். பெரியவள் மூச்சிரைக்க உள்ளே ஓடியபோது, தம்பி கணவனின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றிருந்தான். கையில் லாரிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனர். அவன் தயங்கி நிற்கவில்லை. உள்ளே கேட்ட பேச்சை நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கணவன் ஸ்பீக்கரில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

"எங்க பாடத்துல குறை இல்ல சார். அவங்க நூத்துக்கு நூறு வாங்கியிருக்காங்க. சொல்லிக் கொடுத்ததைச் செய்யலைன்னா, அதுக்கு நாங்க என்ன சார் பண்றது?"

எதிர்முனையில் கண்காணிப்பாளரின் குரல். "அதைச் சாயங்காலம் நேர்ல வந்து சொல்லிடுங்க."

தம்பி கதவை உதைத்துத் திறந்தான்.

முதல் வீச்சில் ஸ்பேனர் மேசைமேல் இருந்த திரையை உடைத்தது. இரண்டாவதைக் கணவன் மடிக்கணினியால் தடுத்தான். தடுத்தவன் அதோடு நிறுத்தவில்லை, அதே மடிக்கணினியைத் தம்பியின் காதோடு சேர்த்து அறைந்தான். ஸ்பேனர் கையை விட்டுப் போனது. அதைப் பற்றிக் கவலைப்படுகிற நிலையில் தம்பி இல்லை. குத்தினான். வாயில் விழுந்தது ஒன்று, வயிற்றில் இன்னொன்று. கணவன் மடங்கி, எழுந்து, தலையால் முட்டினான். இரண்டு பேரும் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவரில் மோதினார்கள்.

"என் தங்கச்சி மூஞ்சியப் பாத்தியாடா? அவ மண்டையில தோலு இல்லடா!"

"விடுறா... நான் சொல்றதக் கேளு..."

கேட்கவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துவிட்டான். நட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டிய விரல்கள். கணவனின் முகம் சிவந்து, கறுத்து வந்தது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தான், ஒன்றுகூட அசையவில்லை. வாசலில் நின்ற ஊழியர்களில் பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் அதற்கும் தெம்பில்லாமல் நின்றார்கள்.

பெரியவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து கையோடு வந்தது. முதுகில் அடித்தாள். தோளைக் கடித்தாள். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. கணவனின் கண் மேலே செருக ஆரம்பித்தது.

"விரல விடுங்க!" என்று கத்தினாள். "தாடைய நெஞ்சோட இறக்குங்க! ஒரு கைய நேரா மேல தூக்குங்க! தூக்கிட்டு உடம்போட திரும்புங்க, திரும்புங்க!"

அவன் திரும்பினான். தூக்கிய கையின் தோள்பட்டை தம்பியின் மணிக்கட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனது. பிடி வழுக்கியது. பிடித்த வேகத்திலேயே தம்பி முன்னால் சாய்ந்து, முழங்கையோடு கண்ணாடியில் போய் விழுந்தான்.

சத்தம் அடங்கியபோது அவன் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முழங்கையிலிருந்து ரத்தம் கிரீஸோடு கலந்து சொட்டியது. அவன் காயத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

"அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டே" என்றான். "எனக்கெதிரா."

"சொல்லலைன்னா நீ இன்னிக்கு ஜெயிலுக்குப் போயிருப்பே."

"போயிருந்தாலும் பரவாயில்ல. நீ அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டே."

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவனின் உயிரைக் காப்பாற்றியதற்காகவா, தம்பியின் ரத்தத்தைச் சிந்த வைத்ததற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை விழுங்கிவிட்டுக் கணவனிடம் திரும்பினாள்.

"மாத்தினீங்களா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்கினான். "மாத்தினேன்."

"ஏன்?"

"அதக் கேக்காத."

"எப்படி உங்களால..."

"கேக்காதன்னு சொன்னேன்ல!" உடைந்த உதட்டோடு கத்தினான். கத்தியவன் கண் கலங்கியதுதான் அவளுக்குப் புரியவில்லை. அவளிடம் சண்டை போடுவான், சமாளிப்பான், சிரித்து மழுப்புவான். இப்படி வாயைக் கட்டிக்கொண்டு நின்றதில்லை.

"உங்க பாடத்த நீங்க படிக்கல" என்றாள். "அதனாலதான் இப்ப உயிரோட நிக்கிறீங்க. படிச்சிருந்தா உங்க கையும் மணிக்கட்டத்தான் தேடியிருக்கும்."

அடித்தவனுக்குத் தையல் போட வேண்டும். அடி வாங்கியவன் விசாரணைக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே மருத்துவமனை வளாகத்தில். அதனால் ஒரே காரில் போனார்கள். கணவன் ஓட்டினான். பின் சீட்டில் தம்பி, கையில் அலுவலகத்துத் துண்டு.

"சீட்டுல படுது" என்றான் கணவன், கண்ணாடியில் பார்த்து.

"உங்க சீட்டுல படாம வேற எங்க படணும்?" என்றான் தம்பி.



கண்காணிப்பாளரின் அறையில் நீள மேசை ஒன்று. அவர் குரலை உயர்த்தாத மனிதர். ஒரு பக்கம் தலைமை நர்ஸ், விறைப்பாக, கொண்டையில் ஒரு முடி பிசகாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே சின்னவள், கட்டிய கையோடு. தையல் போட்டுக்கொண்ட தம்பி கதவோரம் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் மூக்கில் கட்டோடு காலையில் அவனிடம் அடி வாங்கிய காவலாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"பாடம் சரியா இருந்ததுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு" என்றார் கண்காணிப்பாளர்.

"பாடம் தப்பு" என்றாள் பெரியவள். "வரிசைய மாத்தியிருக்காங்க. அதுல வாங்கின நூறுக்கு அர்த்தமே இல்ல சார். எது எப்படின்னு தெரியும். எது எப்போன்னு தெரியாது."

தலைமை நர்ஸ் உதட்டைச் சுழித்தார். "நானும் அதே பாடம்தான் முடிச்சேன். நானும் நூறு. என்னைப் பிடிச்சிருந்தா நான் ட்ரேய எடுத்திருக்க மாட்டேன். தங்கச்சியக் காப்பாத்தணும்னு சொந்தப் பாடத்தையே குறை சொல்றீங்க. புரியுது."

"நிரூபிக்க வழி இருக்கா?" என்றார் கண்காணிப்பாளர். "வாயால சொன்னா நான் எழுத முடியாது."

பெரியவள் அவரைப் பார்த்தாள். தங்கையின் தலையில் ஈரமாக இருந்த அந்த இடத்தைப் பார்த்தாள். எழுந்தாள். தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தலைமை நர்ஸின் கொண்டையைப் பின்னாலிருந்து பிடித்து, முழு பலத்தோடு இழுத்தாள்.

நாற்காலி சாய்ந்தது. அந்த அம்மாள் அலறினார். இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் தடுமாற, தலைமை நர்ஸின் கன்னம் மேசை விளிம்பில் இடித்தது. பேனாவும் தண்ணீர்க் குவளையும் சிதறின. காவலாளி ஓடி வந்தார். தம்பி தையல் போட்ட கையை நீட்டி அவரை மறித்தான். கண்காணிப்பாளர் எழுந்து நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும், "விடும்மா!" என்று கத்தினார்.

பெரியவள் விடவில்லை. "உங்க கையப் பாருங்க! ரெண்டு கையும் எங்க இருக்குன்னு பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். தலைமை நர்ஸின் வலது கை, யாருமே பிடிக்காத தன் இடது மணிக்கட்டைப் பற்றி, வெடுக் வெடுக்கென்று உருவிக்கொண்டிருந்தது.

பெரியவள் கையைத் திறந்தாள். விரலிடுக்கில் நரைமுடிகள் சிக்கியிருந்தன. வெளி மனிதர் யார்மேலும் இதுவரை அவள் கை வைத்ததில்லை.

தலைமை நர்ஸ் தரையில் உட்கார்ந்தபடி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னத்தில் ரத்தம் வருவதைத் துடைக்கவில்லை. "எனக்குத் தெரியுமே" என்றார். "முடியப் பிடிச்சா என்ன பண்ணணும்னு எனக்கு நல்லாத் தெரியுமே..."

"என் தங்கச்சியும் அதத்தான் சொன்னா. மன்னிச்சிடுங்கம்மா. முன்னாடியே சொல்லிட்டுப் பிடிச்சிருந்தா நீங்க சரியாப் பண்ணியிருப்பீங்க."

கண்காணிப்பாளர் மெல்ல உட்கார்ந்தார். கோபம் போய் அவர் முகத்தில் பயம் வந்திருந்தது. "அப்போ இந்த வார்டுல வேலை செய்யற எல்லாரும்..."

"எல்லாரும் நூறுதான் சார்."

சின்னவளைப் பற்றி எழுதி வைத்திருந்த தாளை அவர் ஓரமாகத் தள்ளினார். பெரியவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தங்கை தப்பித்துவிட்டாள்.

"வரிசைய மாத்தினது யாரு?" என்றார்.

"நான்" என்றான் கணவன். கழுத்தில் விரல் அச்சுகள் நீலமாகத் தெரிந்தன.

"இவங்க வேண்டாம்னு சொல்லியுமா?"

"ஆமா சார்."

"யாராவது மாத்தச் சொன்னாங்களா?"

"இல்ல. என் முடிவுதான்."

பெரியவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்கிறான். பழி தன்மேல் விழும் என்று தெரிந்தால் பத்துப் பேரைக் கைகாட்டுகிற மனுஷன், கேட்காமலே பழியை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறான். யாருக்காக?

"போதும் அத்தான்" என்றாள் சின்னவள்.

"நீ பேசாம இரு."

"போதும்னு சொன்னேன்." சின்னவள் நல்ல கையை மேசையில் ஊன்றி எழுந்தாள். "நான்தான் சார் மாத்தச் சொன்னேன். அக்கா பாடம் மொதல்ல எங்க வார்டுக்குத்தான் வந்துச்சு. எல்லாத்துலயும் தப்பு. நாப்பதுக்கு மேல என்னால போகவே முடியல. 'பாடம் போட்டவளோட தங்கச்சியே ஃபெயிலா'ன்னு டூட்டி ரூம்ல சிரிச்சாங்க. அத்தான்கிட்ட போய் அழுதேன். தனித்தனியாப் போட்டுடுங்க, அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னு கேட்டேன். அவரு எனக்காகத்தான் மாத்தினாரு."

கதவோரம் நின்ற தம்பி மெதுவாகத் தன் கட்டுப்போட்ட முழங்கையைப் பார்த்தான். பிறகு அத்தானின் கழுத்தைப் பார்த்தான்.

"இத நான் எழுதணும்மா" என்றார் கண்காணிப்பாளர். தள்ளி வைத்த தாள் மறுபடி அவர் முன்னால் வந்தது.

"எழுதிக்கோங்க சார்."

இரண்டே எட்டில் பெரியவள் தங்கையின் முன்னால் போய் நின்றாள். அறைந்தாள். வீங்காத கன்னம் பார்த்து அறைந்தாள், அது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த நிதானம். சின்னவள் மேசையில் இடித்து, முறிந்த எலும்பு அசைந்து, வலியில் 'அம்மா' என்றாள்.

"உன்ன இன்னிக்கு அந்த ஆளு கொன்னிருப்பான்டி! உன் கூட வேலை செய்யறவங்கள நாளைக்குக் கொல்வான்! நாலு பேரு சிரிச்சாங்கன்னா?"

"இன்னொண்ணு அடி" என்றாள் சின்னவள். தையல் பிரிந்து உதட்டில் ரத்தம் வந்தது. "நல்லா அடி. ஆனா அடிச்சு முடிச்சுட்டு ஒண்ணு சொல்லு. உன் பாடத்துல தப்பு நிறைய வரும், மார்க் கொறையும், எரிச்சலா இருக்கும், ஆனா அப்படித்தான் மூளையில ஏறும்னு உனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். இத எங்ககிட்ட ஏன் யாருமே சொல்லல? ஒரு வரி போட்டிருந்தா போதுமேக்கா. நான் முட்டாள்னு நெனச்சேன். ராவெல்லாம் அழுதேன். நான் முட்டாள் இல்லன்னு ஒரே ஒரு வரி உன்னால எழுத முடியலியா?"

பெரியவள், மூளை எப்படிக் கற்கிறது என்று பக்கம் பக்கமாகப் படித்தவள். படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மருந்து கசக்கும் என்று சொல்லாமல் ஊற்றினால் துப்பத்தான் செய்வார்கள். அறைந்த கை எரிந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் வார்டு ஊழியர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாய்ந்து கிடந்த நாற்காலியையும், தரையில் உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸையும் பார்த்து ஒரு நொடி திகைத்து நின்றார்.

"சார், அந்த டிரைவருக்கு நெனவு வந்துடுச்சு. பெல்ட்டு போட்டுத்தான் படுக்க வச்சிருக்கோம், ஆனா ஒரு கைய உருவிட்டாரு. ஊசி போட விடமாட்டேங்கிறாரு. தன்ன அடிச்ச சிஸ்டர் வந்தாத்தான் ஆச்சுங்கிறாரு."

"எதுக்காம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"அதச் சொல்ல மாட்டேங்கிறாரு சார்."

"போகாத" என்றான் தம்பி உடனே.

"என் நோயாளிண்ணா" என்றாள் சின்னவள். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அந்த அறையில் யாருக்கும் மிச்சமில்லை.

பெரியவள் பின்னால் ஓடினாள். வராந்தாவின் கடைசியில் அந்தப் பூட்டிய கதவு. உள்ளே இரும்புக் கட்டில் தரையில் அறைபடும் சத்தம் கேட்டது. அதைத் தாண்டி ஓர் ஆணின் குரல், கத்துகிறதா அழுகிறதா என்று தெரியாத குரல்.

"நானும் வரேன்" என்றாள்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வா. ஆனா உள்ள என்ன இருக்கும்னு இந்தத் தடவையாவது முன்னாடியே சொல்லிட்டு வா."

"எனக்குத் தெரியாதுடி" என்றாள் பெரியவள். "எனக்குப் பயமா இருக்கு."

"அதச் சொன்னா போதும்."

ஊழியர் சாவியைத் திருப்பினார். இருவரும் உள்ளே போனார்கள்.